அப்பாவின் ஐபாட்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அப்பா 2006-ல் வாங்கிய 30 ஜிபி ஐபாட் பழைய பெட்டி ஒன்றில் கிடைத்தது. சார்ஜ் போட்டால் ஆப்பிள் சின்னம் வருகிறது, உள்ளே ‘டிக் டிக்’ என்று சத்தம், பிறகு திரையில் சோக முகம். சில நாள் மட்டும் பாட்டுப் பட்டியல் வரை போகிறது. கேசட்டுகளிலிருந்து அப்பாவே பதிவுசெய்த பாட்டுகள் அதில் இருக்கின்றன. கேசட்டுகள் இப்போது இல்லை. எஸ்டி கார்டு மாட்டினால் பிழைத்துக்கொள்ளும் என்கிறார்கள். நானே செய்யலாமா?

கா.

அன்புள்ள கா.,

தாராளமாகச் செய்யலாம். ஆனால் கார்டு வாங்குவதற்கு முன் பாட்டுகளை வெளியே எடுங்கள். அந்த ‘டிக் டிக்’, 1.8 அங்குல ஹார்ட் டிஸ்க் படிக்க முடியாமல் திணறும் சத்தம். இன்னும் எத்தனை முறை சுழலும் என்று யாராலும் சொல்ல முடியாது. எனவே பட்டியல் வரும் நாளில் பாட்டுக் கேட்டுப் பார்க்காதீர்கள், உடனே கணினியில் சொருகுங்கள்.

மெனுவையும் நடுப் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் ரீசெட் ஆகும். ஆப்பிள் சின்னம் வந்ததும் நடுப் பொத்தானையும் பிளே பொத்தானையும் அழுத்திப் பிடித்தால் டிஸ்க் மோடு வரும், அதாவது கணினிக்கு ஐபாட் ஒரு சேமிப்பு டிரைவாகத் தெரியும். ஐபாடைக் கணினியிலிருந்து நிர்வகிக்கும் ஆப்பிளின் மென்பொருளான ஐடியூன்ஸ் ‘ரீஸ்டோர்’ செய்யவா, அழித்துவிட்டு ‘சிங்க்’ செய்யவா என்று கேட்டால் இரண்டுக்கும் வேண்டாம் என்றே சொல்லுங்கள். எது செய்தாலும் அப்பாவின் பாட்டுகள் போய்விடும். மறைந்திருக்கும் கோப்புகளைக் காட்டும்படி கணினியில் அமைத்தால் ‘ஐபாட் கன்ட்ரோல்’ என்ற ஃபோல்டர் தெரியும். அதற்குள் ‘மியூசிக்’, அதற்குள் எஃப்00, எஃப்01 என்று வரிசையாக. கோப்புகளின் பெயர்கள் புரியாத நான்கெழுத்துகளாக இருக்கும், பதற வேண்டாம். அப்பா தட்டச்சு செய்த பாட்டுப் பெயர் கோப்புக்குள்ளேயே இருக்கிறது. எந்தப் பிளேயரில் திறந்தாலும் அது வந்துவிடும். மொத்த ஃபோல்டரையும் இரண்டு இடங்களில் நகலெடுங்கள்.

அதன் பிறகுதான் பிரிக்கும் வேலை. முன்பக்கத்துக்கும் உலோக முதுகுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தகடு விட்டு, கிளிப்புகளை ஒவ்வொன்றாக விடுவியுங்கள். திறந்துகொண்டதும் சட்டென்று இழுத்துவிடாதீர்கள். பேட்டரியும் ஹெட்ஃபோன் துளையும் முதுகோடு ஒட்டியிருக்கும், அவற்றின் ரிப்பன்கள் போர்டில் மாட்டியிருக்கும். பேட்டரி ரிப்பனைப் பிடித்திருக்கும் பழுப்பு நிறத் தாழ்ப்பாள் நகக்கண் அளவுதான். அதை மெல்ல மேலே தூக்கினால் போதும்; பிடுங்கினால் போர்டே வீணாகும். பேட்டரி உப்பியிருந்தால் அதைக் குத்தாமல், வளைக்காமல் எடுங்கள்.

டிஸ்க் இருந்த இடத்தில், எஸ்டி கார்டைச் செருகிய அடாப்டரை வைத்து, அதே ரிப்பனை அதில் செருகுங்கள். அடாப்டர் ஆடாமல் இருக்க ஸ்பாஞ்சுத் துண்டு ஒன்று வையுங்கள். மூடியதும், இப்போது, ஐடியூன்ஸில் ‘ரீஸ்டோர்’ கொடுக்கலாம். பழைய டிஸ்கை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

டெராபைட் கணக்கில் கார்டு போடும் ஆசை வேண்டாம். உங்கள் 30 ஜிபி மாடலில் ரேம் 32 எம்பிதான், பாட்டுப் பட்டியல் பெருத்தால் திணறும். 128 ஜிபி ஏராளம். ஐந்து நிமிடப் பாட்டு 10 எம்பி என்றாலும் 12,000 பாட்டு அடங்கும். கையோடு பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். சுழலும் தட்டு இல்லாததால் மின்சாரமும் குறைவாகவே செலவாகும், கீழே விழுந்தாலும் பழைய பயம் இல்லை.

ஒன்றை மட்டும் இழப்பீர்கள். பிளே அழுத்தியதும் டிஸ்க் விழித்துக்கொள்ளும் அந்த மெல்லிய அதிர்வு உள்ளங்கையில் தெரியும். உங்கள் அப்பாவுக்குப் பழகிய அதிர்வு அது. டிஸ்க் ஓடும் நாளில், நகலெடுத்து முடித்த பிறகு, ஒரே ஒரு பாட்டைக் கையில் வைத்துக் கேளுங்கள்.