புது மாடல் கார்களை உண்மையிலேயே பனியிலும் பாலைவனத்திலும் ஓட்டிப் பார்க்கிறார்களா, இல்லை விளம்பரத்துக்கு மட்டுமா?

கத்திரி வெயிலில் புது வண்டியின் ஏசி காலை வாரியிருக்கும், அந்தக் கோபத்தில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

ஓட்டிப் பார்க்கிறார்கள். நானே போயிருக்கிறேன். உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் டெஸ்டிங் பிரிவில் ஆறு வருடம் இருந்தேன். டிப்ளமோதான் படித்தவன், தப்பு இருந்தால் எஞ்சினியர்கள் திருத்தலாம், திட்ட வேண்டாம்.

ஐரோப்பியக் கம்பெனிகள் குளிருக்கு சுவீடனின் ஆர்யெப்லோக் போய், உறைந்த ஏரி மேலேயே தடம் போட்டு பிரேக்கைச் சோதிக்கும். வெயிலுக்கு அமெரிக்காவின் டெத் வேலி. நம் ஊரில் லடாக்கும் ராஜஸ்தானும்.

நான் லேவுக்குப் போனது ஒரு ஜனவரியில். 3,500 மீட்டர் உயரம், ராத்திரி மைனஸ் 18. அங்கே ஓட்டுவதைவிட வண்டியைச் சும்மா நிறுத்தி வைப்பதுதான் பெரிய வேலை. 'சோக்' என்போம், அதாவது குளிரில் ஊறப்போடுவது. சாயங்காலம் நிறுத்தினால் காலை வரை யாரும் தொடக்கூடாது. ஆயில், கூலன்ட், பேட்டரி எல்லாம் வெளிக்குளிருக்கு இறங்க வேண்டும். ஆயில் கெட்டியாகும், பேட்டரி சோர்ந்துவிடும், சாதாரண டீசலில் மெழுகு திரண்டு ஃபில்டரை அடைக்கும். (மைனஸ் 33 வரை உறையாத டீசலை இந்தியன் ஆயில் லடாக்குக்குக் கொண்டுவந்தது 2019-இல்தான், நாங்கள் போனது அதற்கு முன்னால்.) அப்புறம் சாவியைத் திருப்பி, எத்தனை விநாடியில் ஸ்டார்ட் ஆகிறது என்று குறிக்க வேண்டும்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கதவெல்லாம் ஒரே புழுதி. சென்னைப் பழக்கம், ஒரு வாளி வெந்நீர் வாங்கி ஊற்றித் துடைத்துவிட்டேன். காலை ஐந்தரைக்கு ஐந்து பேர் ஸ்டாப்வாட்சும் கையுமாக நிற்கிறோம், ஒரு கதவும் திறக்கவில்லை. ரப்பர் பீடிங்கோடு சேர்ந்து உறைந்துவிட்டது. இழுத்தால் கைப்பிடி மட்டும் 'டக்' என்று வந்து போகிறது. வெயில் ஏறித்தான் திறந்தது. ஒரு ராத்திரி சோக் வீண்.

"வண்டியை டெஸ்ட் பண்ண வந்தா, நீ எங்களை டெஸ்ட் பண்றியே தம்பி" என்றார் சீனியர். ஆனால் அதையும் ரிப்போர்ட்டில் எழுதினார். வாங்குகிறவரும் இதைத்தான் செய்வாராம்.

இதையெல்லாம் சென்னையிலேயே குளிர் அறைக்குள் செய்யலாமே என்று யாராவது வருவார்கள். செய்கிறார்கள்தான். ஆனால் அந்த அறைக்குள் வாளியோடு என்னை மாதிரி ஒருவன் இருக்க மாட்டான்.

உங்கள் ஏசி விஷயம்: ராஜஸ்தானில் மே மாதம் கண்ணாடியை ஏற்றி வெயிலில் நிறுத்தி, அப்புறம் நாலைந்து பேர் ஏறி, மூக்குக்கு நேரே காற்று எத்தனை நிமிடத்தில் குளிர்கிறது என்று அளப்போம். பின் சீட்டில் நடுவில் உட்காரும் 'லோடு' எப்போதும் நான்தான். அதனால் சோதிக்கவே இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்கிறேன். லேயில் கூடுதலாகத் தங்கிய ராத்திரிக்கு ஐந்து பேர் வாடகையும் என் கைக்காசு. விடுதி அம்மா நோட்டுத் தாளைக் கிழித்து எழுதித் தந்த பில்லை அக்கவுண்ட்ஸ் ஏற்கவில்லை, அச்சடித்த பில்தான் வேண்டுமாம். தப்பு உன்னுடையதுதானே என்பீர்கள். சரி, என் பங்கைக் கழித்துக்கொண்டு மீதி நாலு பேர் வாடகையையாவது தந்திருக்கலாம். வேலையை விட்டு நாலு வருடம் ஆகிறது, அந்தத் தாள் இன்னும் என் பர்ஸில்தான் இருக்கிறது.