பழைய இன்டெல் நக்: ரேமும் பயாஸும் ஒரே நாளில் மாற்றலாமா?

மாற்றலாம் நண்பரே, ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக. உங்கள் நக் 5ஐ3ஆர்ஒய்எச் குட்டிக் கணினியில் 4 ஜிபி ரேமோடு ஹோம் அசிஸ்டன்டும் (வீட்டுச் சாதனங்களை இயக்கும் மென்பொருள்) கேமராப் பதிவும் ஓடுவதால் திணறுகிறது என்கிறீர்கள். 8 ஜிபி போதும்; கேமராக்கள் கூடும் என்றால் 16.

முதலில் முழு பேக்கப் எடுத்து வேறு கணினியில் இறக்கி வையுங்கள். அதன் என்கிரிப்ஷன் கீயையும் (பேக்கப்பின் பூட்டைத் திறக்கும் குறியீடு) சேர்த்து! கீ இல்லாத பேக்கப் எதற்கும் உதவாது.

அடுத்து பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட், பழைய ரேம் இருக்கும்போதே. அப்போதுதான் ஏதாவது கெட்டால் எதனால் என்று தெரியும். பிஐஓ கோப்பை (பயாஸ் அப்டேட் கோப்பு) ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் போட்டு, பூட் ஆகும்போது எஃப்7 அழுத்துங்கள். யுபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள்; நடுவில் கரண்ட் போனால் போர்டில் உள்ள பயாஸ் ஜம்பர் என்ற சிறு இணைப்பானைக் கழற்றி மீட்க வேண்டிவரும். முடிந்ததும் பூட் ஆகும்போது எஃப்2 அழுத்தி பயாஸ் அமைப்புகளுக்குள் போங்கள்: செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் பூட் செய்யவிடும் அமைப்பு) அணைந்திருக்கிறதா, மின்தடைக்குப் பின் தானே இயங்கும் அமைப்பு இருக்கிறதா பாருங்கள். அப்டேட்டில் இவை கம்பெனி வைத்த நிலைக்குத் திரும்பிவிடலாம். இதைக் கவனிக்காவிட்டால் அடுத்த பவர்கட்டில் வீடே முடங்கும்.

ரேம் வாங்கும்போது டிடிஆர்3எல், 1.35 வோல்ட், லேப்டாப் அளவு என்று உறுதிசெய்யுங்கள். 1.5 வோல்ட் டிடிஆர்3 கடையில் ஒன்றுபோலவே தெரியும், இதில் ஓடாது. அடிமூடியை மெதுவாகத் திறங்கள். ஹார்ட்டிஸ்க் கேபிள் அதோடு ஒட்டியிருக்கும். முதல் தடவை திரை சிறிது நேரம் கறுப்பாகவே இருக்கலாம், பதறி அணைக்காதீர்கள். பிறகு இரவு முழுக்க மெம்டெஸ்ட் (ரேமைச் சோதிக்கும் நிரல்) ஓட்டுங்கள். ஒரு பிழை வந்தாலும் ரேமைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பழுதான ரேம் டேட்டாபேஸைச் சத்தமில்லாமல் கெடுக்கும்.