பம்ப் உடைந்த வழக்கு: பழைய பாகங்களைக் கையை விட்டுப் போகவிடாதீர்கள்

கேள்வி: டெக்சாஸில் வசிக்கிறேன். எங்கள் ஃபிஃப்த் வீல் டிரெய்லரை (பிக்கப்பின் சரக்குத் தளத்தில் கோத்து இழுக்கும் பெரிய வகை) இழுப்பதற்காகவே மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு டன் ரக டீசல் பிக்கப்பைப் புதிதாக வாங்கினேன். மலையையே இழுக்கும் என்றார் விற்பனையாளர். 71,000 மைலில், குடும்பத்தோடு போகும்போது எஞ்சின் நின்றுவிட்டது. கடும் வெயிலில் ஐந்து மணி நேரம் சாலையோரம் தவித்தோம். உயர் அழுத்த எரிபொருள் பம்ப் உடைந்து, இரும்புத்தூள் எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் வரை போய்விட்டதாம். டீசலில் தண்ணீர் இருந்ததால் வாரண்டி கிடையாது, 11,400 டாலர் ஆகும் என்கிறார் டீலர். சண்டை போட்ட பிறகு, நல்லெண்ண அடிப்படையில் பாதியைத் தருவதாகத் தயாரிப்பு நிறுவனம் சொல்கிறது. சென்ற ஆண்டு நண்பர் சொல்லி, எஞ்சின் சக்தியைக் கூட்ட அதன் மென்பொருளை மாற்றும் டியூனர் ஒன்றைப் போட்டு, மூன்று மாதத்தில் எடுத்துவிட்டேன். வழக்குத் தொடுத்து இவர்களுக்குப் பாடம் புகட்ட விரும்புகிறேன்.

பதில்: சாலையோரம் தவித்தது கொடுமைதான். ஆனால் வழக்கில் அதற்குப் பெரிய மதிப்பு இல்லை. விற்பனையாளர் வாயால் சொன்னதும் நிற்காது. எழுத்தில் இருப்பது மட்டுமே உடன்பாடு என்ற ஒரு வரி, நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் அநேகமாக இருக்கும். பழுதான புதிய வாகனம் வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டத்தையும் மறந்துவிடுங்கள். டெக்சாஸில் 24 மாதம் அல்லது 24,000 மைல், எது முந்துகிறதோ அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு கொடுத்திருக்க வேண்டும். அந்தக் காலம் எப்போதோ கடந்துவிட்டது.

உங்களிடம் மிஞ்சியிருப்பது எழுத்து மூலமான வாரண்டி. இந்த ரக டீசல் எஞ்சின்களுக்கு அது வழக்கமாக 5 ஆண்டு அல்லது 100,000 மைல். நீங்கள் அதற்குள் இருக்கிறீர்கள். எனவே வெளிக் காரணத்தால் பழுது என்று சொல்வது ஒன்றே அவர்களுக்குள்ள வழி. பம்ப் தன் பலவீனத்தால் உடைந்ததா, தண்ணீரால் உடைந்ததா? உங்கள் வழக்கு முழுவதும் இந்த ஒரு கேள்விதான்.

இந்தப் பம்புக்குத் தனியாக எஞ்சின் ஆயில் கிடையாது. உள்ளே ஓடும் டீசல்தான் உராய்வைத் தடுக்க வேண்டும். பம்புக்குள் இருக்கும் உருளை ஒன்று திசை திரும்பி, அதைத் தள்ளும் கேம் என்ற சுழல் பாகத்தை அரைக்கத் தொடங்கினால், அந்தத் தூள் ரெயில் என்ற உயர் அழுத்த டீசல் குழாய்க்கும் இன்ஜெக்டர்களுக்கும் போய், திரும்பு குழாய் வழியாகத் தொட்டிக்கும் வந்து சேரும். தண்ணீர் இதைச் செய்யும். உராய்வைத் தடுக்கும் தன்மை குறைந்த டீசலும் செய்யும். பம்பின் வடிவமைப்பே இடம் கொடுத்தாலும் நடக்கும். எது என்பதை உடைந்த உருளையின் மேற்பரப்பும், அரிப்புத் தடயமும், டீசல் மாதிரியும்தான் சொல்லும். அவை எல்லாம் இப்போது டீலரின் பட்டறையில் கிடக்கின்றன.

நான் அஞ்சுவது இங்கேதான். புதிய பம்பும் இன்ஜெக்டர்களும் வாங்கும்போது பழையவற்றைத் திருப்பிக் கொடுத்தால் ஒரு வைப்புத் தொகை கழியும். பில்லில் அதைக் 'கோர்' என்று போடுவார்கள். வழக்கறிஞரான என்னிடம் வந்த ஒருவர், ஐம்பது பக்க மின்னஞ்சல்களோடும் வண்டியின் நூறு படங்களோடும் வந்தார். பம்ப் எங்கே என்று கேட்டேன். சில நூறு டாலர் கழிவுக்காக அது போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. எங்கள் நிபுணர் எதைப் பார்த்துச் சாட்சி சொல்வார்? வாகனம் மறுபடி ஓட வேண்டும் என்ற அவசரத்தில் வழக்கைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

ஆகவே இன்றே டீலருக்கும் தயாரிப்பாளருக்கும் எழுத்தில் அனுப்புங்கள்: பம்ப், இன்ஜெக்டர்கள், ரெயில், எரிபொருள் வடிகட்டி, தொட்டியிலிருந்து எடுத்த டீசல் ஆகிய எதையும் அப்புறப்படுத்தக் கூடாது, கோர் தொகையை நான் கட்டுகிறேன் என்று. டீசல் மாதிரியை யார், எந்த நாளில், எங்கிருந்து எடுத்தார் என்று கேளுங்கள். வடிகட்டிக் கிண்ணத்தில் எடுத்திருந்தால் அது பெரிய விஷயம். தண்ணீரைப் பிரித்துத் தேக்கி வைப்பதற்காகவே அந்தக் கிண்ணம் இருக்கிறது. அங்கே சிறிது நீர் இருந்தது, பம்புக்குள் நீர் போனதற்குச் சான்று ஆகாது. தண்ணீர் எச்சரிக்கை விளக்கு எப்போதாவது எரிந்ததா? எஞ்சின் கணினியில் பதிவான பழுதுக் குறியீடுகளின் அச்சுப் பிரதியையும் வாங்குங்கள். உங்களிடம் உள்ள டீசல் ரசீதுகளையும், டிரெய்லர் இழுத்த படங்களையும் பத்திரப்படுத்துங்கள். சமூக வலைத்தளத்தில் போட்ட படம் எடையைக் காட்டிக் கொடுத்துவிடும் என்று பயந்து அழிக்காதீர்கள். அழித்தது தெரிந்தால், அந்தப் படத்தால் வந்திருக்கக்கூடிய சேதத்தைவிட அது பெரிதாகிவிடும்.

இரண்டாவது குழியில் விழுபவர்கள் இன்னும் அதிகம். வாரண்டி மறுக்கப்பட்டதும் சிலர் வாகனக் காப்பீட்டுக்கு ஓடுகிறார்கள்; கலப்பட டீசலுக்குச் சில பாலிசிகள் பணம் தருவதுண்டு. அந்தப் படிவத்தில் 'டீசலில் தண்ணீர் கலந்திருந்தது' என்று எழுதிக் கையெழுத்திடுகிறார்கள். பிறகு தயாரிப்பாளர் மீது 'தண்ணீரே இல்லை, பம்ப்தான் கோளாறு' என்று வழக்கு. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்பார், இதில் எது உண்மை என்று. அந்தக் கேள்விக்கு நல்ல பதில் சொன்ன கட்சிக்காரரை நான் இதுவரை பார்க்கவில்லை. ஒரு வழியைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் படிவத்தைத் தொட வேண்டும்.

டியூனரைக் கேள்வியின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அவர்களுக்கு அதுதான் முதல் வரி. பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றினாலும், எத்தனை முறை மாற்றப்பட்டது என்ற தடயம் பல எஞ்சின் கணினிகளில் தங்கிவிடும். 1975ஆம் ஆண்டு முதல் நடப்பிலுள்ள மேக்னசன்-மோஸ் வாரண்டிச் சட்டம் உங்களுக்கு ஒரு பிடி தருகிறது: வெளிப் பொருளைப் பயன்படுத்தினார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை மறுத்துவிட முடியாது, அதுவே பழுதை உண்டாக்கியது என்று காட்ட வேண்டும். ஆனால் ரெயில் அழுத்தத்தைக் கூட்டும் டியூனராக இருந்தால், பம்ப் பழுதோடு அதை இணைப்பது அவர்களுக்குக் கடினம் அல்ல. கேட்டால் மறைக்காதீர்கள். டியூனரோடு புகைவடிகட்டியையும் கழற்றியிருந்தால், அது மத்திய தூய காற்றுச் சட்டத்துக்கு எதிரானது. பத்தாண்டுகளில் 550,000க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்களில் இப்படி நடந்திருப்பதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இபிஏ 2020இல் மதிப்பிட்டது. இது உங்கள் வண்டியிலும் நடந்திருந்தால் முதலில் உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்; டீலரின் மேசையில் உட்கார்ந்து சொல்லாதீர்கள்.

இனி என் நேரடி அறிவுரை: பேசி முடியுங்கள். உலோக ஆய்வு நிபுணருக்கும் ஆய்வகத்துக்கும் ஆகும் செலவும், வண்டி நின்று கிடக்கும் மாதங்களும், நீங்கள் கேட்கும் 11,400 டாலரை வேகமாக விழுங்கிவிடும். நுகர்வோரை ஏமாற்றுவதைத் தடுக்கும் டெக்சாஸ் சட்டத்தில் மும்மடங்கு இழப்பீடு கிடைக்கும் என்று நண்பர்கள் சொல்வார்கள். அதே சட்டத்தில், வழக்கு அடிப்படையற்றது என்று நீதிமன்றம் முடிவு செய்தால் எதிர்த்தரப்பின் கட்டணத்தை நீங்கள் கட்ட வேண்டும் என்பதைச் சொல்லமாட்டார்கள். டியூனர் வரலாற்றோடு அந்த ஆபத்தை எடுக்க வேண்டாம்.

பாதியோடு நின்றுவிடவும் வேண்டாம். பாகங்களைக் காப்பாற்றும் கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு, பாகங்களின் விலை முழுவதும் அவர்களுடையது, கூலியில் பாதி உங்களுடையது என்று கேளுங்கள். கிடைக்கக்கூடிய கோரிக்கைதான். கையெழுத்திடும் முன் விடுவிப்புப் பத்திரத்தை, அதாவது இனி கோரிக்கை இல்லை என்று நீங்கள் எழுதித் தரும் பத்திரத்தை, வரி வரியாகப் படியுங்கள். 'இந்த வாகனம் தொடர்பான அனைத்துக் கோரிக்கைகளும், இனி எழக்கூடியவையும்' என்று இருந்தால், 'இந்தப் பழுதுநீக்கம் தொடர்பானவை மட்டும்' என்று மாற்றச் சொல்லுங்கள். மாற்ற மறுத்தால் கையெழுத்திட வேண்டாம். புதிய பம்பும் அதே வகையாக இருந்தால், எட்டு மாதத்தில் அதுவும் உடையக்கூடும். அன்று உங்கள் கையில் இருக்கப்போவது அந்தப் பத்திரம் மட்டும்தான்.