“ஏன் மாத்திரை இல்லை” என்று கேட்காதீர்கள், பதிவேட்டைக் கேளுங்கள்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை மாத்திரை ஏன் அடிக்கடி தீர்ந்துபோகிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டதற்கு, “இது தகவல் அல்ல” என்று பதில் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் கோளாறு கேள்வியில். 2005 சட்டத்தின் 2(எஃப்) பிரிவுப்படி, கோப்பில் இருப்பதைத்தான் தருவார்கள். காரணம் சொல்ல மாட்டார்கள்.

புது மனுவில் இப்படிக் கேளுங்கள்: மெட்ஃபார்மின் 500 மி.கி. (சர்க்கரை மாத்திரை) இருப்புப் பதிவேட்டில் கடந்த ஆறு மாதப் பக்கங்களின் நகல், அதே மாதங்களில் மருந்துக் கிடங்குக்கு அனுப்பிய தேவைப்பட்டியலின் நகல், கிடங்கு வழங்கிய அளவு. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 10,000 கேட்டு 4,000 வந்திருந்தால் குறை மேலே. கேட்கவே இல்லை என்றால் நிலையத்தில். பதிவேட்டில் இருப்பு காட்டும் நாளில் உங்களை வெறுங்கையோடு அனுப்பியிருந்தால்தான் விஷயம் பெரிசு. நீங்கள் போன தேதிக்கு ஓ.பி. சீட்டுதான் சாட்சி, அதனால் அவற்றைத் தூக்கிப் போடாதீர்கள்.

தமிழ்நாட்டில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் இல்லையா, அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. நகலுக்கு இழுத்தடித்தால் பதிவேட்டை நேரில் பார்க்க அனுமதி கேளுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது.