உலக சுகாதாரம், நீடித்த வளர்ச்சி, பருவநிலை மாற்றம் மூன்றையும் சேர்த்து முதுநிலையில் படிக்கலாமா?

பாளையங்கோட்டையில் விலங்கியல் இளநிலை முடித்திருப்பதாகவும், இம்மூன்றையும் ஒரே பட்டத்தில் கற்றுத்தரும் முதுநிலைப் படிப்பில் சேர விரும்புவதாகவும், ஆனால் எல்லாவற்றிலும் நுனிப்புல் மேய்ந்ததாக ஆகிவிடுமோ என்று தயங்குவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். நானும் முக்கூடல் பக்கத்துக்காரிதான். விலங்கியல் படித்து, இரண்டாண்டுகள் கொசு ஒழிப்புப் பணியில் இருந்து, அதன்பின் பொது சுகாதாரத்தில் முதுநிலை முடித்தேன். தாராளமாகப் படிக்கலாம் என்பதே என் பதில். ஆனால் எண்ணவும் அளக்கவும் கற்றுத்தந்து, உங்களைக் களத்துக்கும் அனுப்புகிற படிப்பாகப் பார்த்துச் சேருங்கள். பட்டத்தின் பெயர் இரண்டாம் பட்சம்.

உங்கள் தயக்கம் எனக்கும் இருந்தது. 2012-இல் நம் மாவட்டத்தில் டெங்கு கடுமையாகப் பரவியது உங்களுக்கும் நினைவிருக்கலாம். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, வீடு வீடாகப் போய்த் தண்ணீர்த் தொட்டிகளைப் பார்ப்பது என் வேலையாக இருந்தது. ஓர் ஆச்சியின் புறவாசலில் இருந்த சிமெண்டுத் தொட்டிக்குள் டார்ச் அடித்தேன். நீர்மட்டத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த கொசுப்புழுக்கள் வெளிச்சம் பட்டதும் நெளிந்து நெளிந்து அடியில் இறங்கின. தண்ணீரைக் கொட்டிவிடுங்கள் என்றேன். "பத்து நாளைக்கு ஒருக்கத்தான் தண்ணி வருது பிள்ளே, இதையுங் கொட்டச் சொல்லுதியே, பொழங்கதுக்கு என்ன செய்ய?" என்றார் ஆச்சி. எனக்கு மறுமொழி சொல்லத் தெரியவில்லை. புழுவைக் கொல்லும் அபேட் மருந்தை ஊற்றிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

அந்தத் தொட்டியைப் பிறகு வகுப்பில்தான் முழுதாகப் புரிந்துகொண்டேன். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, நீருக்குச் சற்று மேலே ஈரமாக இருக்கும் சுவரில் முட்டைகளை ஒட்டவைக்கிறது. தொட்டி காய்ந்தாலும் அவை மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, மீண்டும் நீர் ஏறும்போது பொரிக்கின்றன. ஆகவே கொட்டினால் மட்டும் போதாது, நார் போட்டுச் சுவரைத் தேய்த்தும் கழுவ வேண்டும். நோயாளியின் இரத்தத்தோடு உள்ளே போன வைரஸ், கொசுவின் உடலில் பெருகி அடுத்தவருக்குத் தொற்றும் நிலையை அடைய 25 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ இரண்டு வாரமும், 30 டிகிரியில் ஏறத்தாழ ஒரு வாரமும் ஆகின்றன. கொசுவின் ஆயுளே சில வாரங்கள்தான் என்பதால், நோயைப் பரப்பும்வரை எத்தனை கொசுக்கள் பிழைத்திருக்கும் என்பதை அந்த ஒரு வார வித்தியாசம் தீர்மானித்துவிடுகிறது. மழை பொய்க்கிறது, குழாயில் தண்ணீர் வரும் இடைவெளி நீள்கிறது, வீட்டுக்கு வீடு தொட்டியும் டிரம்மும் பெருகுகின்றன, வெப்பமும் கூடுகிறது, கடைசியில் ஒரு குழந்தை காய்ச்சலில் படுக்கிறது. இதில் எதுவரை பருவநிலை, எங்கே வளர்ச்சி, எங்கிருந்து சுகாதாரம் என்று யாராலும் கோடு போட்டுக் காட்ட முடியாது. ஆச்சி கேட்டது குடிநீர் வினியோகத்தைப் பற்றிய கேள்வி. மருந்து ஊற்றப் போனவளிடம் அதற்கு விடை எப்படி இருக்கும்?

இந்தப் பிணைப்பு புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதும் இல்லை. நீடித்த வளர்ச்சி என்ற கருத்தை உலகெங்கும் பேசவைத்த 1987-ஆம் ஆண்டின் ஐ.நா. ஆணைய அறிக்கைக்குத் தலைமை வகித்த நார்வே பிரதமர் குரோ ஹார்லம் புருண்ட்லாண்ட் ஒரு மருத்துவர்; பின்னர் 1998 முதல் 2003 வரை உலக சுகாதார அமைப்பின் தலைமை இயக்குநராகவும் இருந்தார். 2015-இல் ஐ.நா. ஏற்ற 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளில் நலவாழ்வும் குடிநீரும் பருவநிலையும் ஒன்றாக இடம்பெற்றிருக்கின்றன.

படிப்பில் உங்களைச் சிரமப்படுத்தப் போவது புள்ளியியல்தான். உங்களை உருவாக்கப் போவதும் அதுதான். நூறு வீடுகளில் புழு இருந்த கலன்கள் எத்தனை என்பதைப் பிரெட்டோ குறியீடு என்பார்கள். இரண்டாண்டுகள் அதற்கான கணக்கை நாள்தோறும் எழுதிக்கொடுத்த எனக்கு, அதை வைத்து எதை முடிவு செய்யலாம், எதை முடிவு செய்யக் கூடாது என்பது அப்போது தெரிந்திருக்கவில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி கரை மீறியதே, அதன்பின் ஓர் ஊரில் காய்ச்சல் கணக்கு உயர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளத்தால் காய்ச்சல் கூடியதா, அல்லது காய்ச்சல் முகாம்கள் கூடியதால் முன்பு கணக்கில் வராதவர்கள் இப்போது வந்தார்களா? இதைப் பிரித்தறியும் முறையை நோய்ப்பரவலியல் கற்றுத்தருகிறது. அது தெரியாமல் பருவநிலையைப் பற்றிப் பேசுவது எளிது. ஓர் அதிகாரியை நம்பவைப்பது கடினம்.

ஆய்வுத் தலைப்பை நம் ஊரிலிருந்தே எடுங்கள் என்பது என் வேண்டுகோள். என் அம்மா பீடி சுற்றுகிறவர். சுளகை மடியில் வைத்துச் சுற்றும்போது தூள் பறந்துவிடும் என்பதால், சித்திரை மாதத்து நடுப்பகலிலும் காற்றாடியைப் போடமாட்டார். அந்த அறையின் வெப்பம் எந்த வானிலை நிலையத்தின் கணக்கிலும் இல்லை. 2024-இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பம் என்றதும் வெயிலில் நிற்பவர்களைத்தான் எல்லோரும் நினைக்கிறோம், கூரைக்குள் வெந்துகொண்டிருப்பவர்களை நினைப்பதில்லை. வெப்பத்தோடு ஈரப்பதத்தையும் காற்றோட்டத்தையும் சேர்த்து அளக்கும் கருவியை இரவல் வாங்கி, அத்தகைய வீடுகளில் அளந்ததே என் ஆய்வேடு.

இனி, எங்கே படிப்பது? பேருந்தில் போய்வரும் தொலைவில், திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் 1997 முதலே பொது சுகாதார முதுநிலையை நடத்திவருகிறது. சென்னையில் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் இருக்கிறது. வெளிநாடு என்றால், பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டாண்டுப் பணி அனுபவம் வேண்டும், படிப்பு முடிந்ததும் இரண்டாண்டுகள் நாடு திரும்பி இருக்கவும் வேண்டும். கடன் வாங்கிப் போவதானால் பாடத்திட்டத்தை வரி வரியாகப் படித்த பிறகே பணம் கட்டுங்கள். எனக்கு முதலில் இடம் கிடைத்தது வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில். பெயரெல்லாம் நீங்கள் கேட்டிருப்பதைப் போன்றதுதான். முன்பணம் கட்டிய பிறகுதான் அங்கே களப்பணியே கிடையாது, புள்ளியியலும் விருப்பப் பாடம் என்று தெரிந்தது. விலகினேன், அம்மாவின் வளையலை அடகு வைத்துக் கட்டிய அந்தப் பணம் திரும்பவில்லை.

விண்ணப்பிக்கும் முன், உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுகாதார ஆய்வாளரிடம் அனுமதி கேட்டு, கொசுப்புழு பார்க்கப் போகிறவர்களுடன் ஒரு வாரம் நடந்து பாருங்கள். எத்தனை தொட்டிகள், எத்தனையில் புழு, தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்பதை வீடுவாரியாக ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். விண்ணப்பக் கட்டுரையை அந்த நோட்டிலிருந்தே தொடங்கலாம். எழுதி முடித்ததும் இங்கேயே சொல்லுங்கள். படித்துப் பார்த்து என் கருத்தைச் சொல்கிறேன்.