அல் ஐன் வெயில்ல கோழிக்கூடு: தரையைக் கழுவுறதை முதல்ல நிறுத்துங்க

கேள்வி: அமீரகத்துல அல் ஐன் பக்கம் ஒரு மஸ்ரால (பண்ணை) வேலை பாக்குறேன், அர்பாப் (முதலாளி) ஆசைப்பட்டு 40 கோழி வாங்கி விட்டிருக்கார். மூணு பக்கமும் தகரம், மேலயும் தகரம். தினமும் ஹோஸ் பிடிச்சு தரையைக் கழுவுறேன், அப்படியும் நாத்தம் போகல. போன வாரம் ஒரே மதியத்துல 6 கோழி செத்துப்போச்சு. ஏசி மாட்டலாமான்னு அர்பாப் கேக்குறார், என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, நீங்க சுத்தமா வெச்சுக்கணும்னு நெனச்சு செய்ற அந்த வேலைதான் நாத்தத்துக்கே காரணம். கோழி எச்சம் காய்ஞ்சு கெடந்தா பெருசா நாறாது, அதுல ஈரம் பட்டாத்தான் பாக்டீரியா கெளம்பி அமோனியாவை விடும், ஈயும் முட்டை வெக்க ஈரமான எச்சத்தைத்தான் தேடி வரும். பாலைவனத்துல காத்தே எல்லாத்தையும் காய வெச்சுக் கொடுக்குது, அதைப் போய் நாம தண்ணி ஊத்திக் கெடுக்கக்கூடாது. கழுவுறதை இன்னைக்கே விட்டுடுங்க. பழசை வழிச்சு எடுத்துட்டு, நல்லா காய்ஞ்ச மணலோ மரத்தூளோ ரெண்டு மூணு இஞ்சுக்கு மட்டும் போடுங்க, கனமா போட்டா அடியில மக்கி அதுவே சூட்டைக் கெளப்பும். தினமும் காலைல எச்சத்தை வாரிடுங்க, தண்ணி வெக்கிற எடத்துல நனைஞ்சதை அப்பப்போ அள்ளி வெளிய போடுங்க. சரியா இருக்கான்னு பாக்க, கோழி உசரத்துக்குக் குனிஞ்சு மூச்சை இழுத்துப் பாருங்க, கண்ணு எரிஞ்சா இன்னும் ஈரம் இருக்குன்னு அர்த்தம்.

சூடுதான் பெரிய விஷயம், ஏன்னா கோழிக்கு வேர்க்காது. வாயைத் தொறந்து மூச்சு வாங்கியும் கொண்டை, தாடி, றெக்கை அடி வழியாவும்தான் சூட்டை வெளிய விடும். அதோட உடம்பு சூடே 41, 42 டிகிரி, உங்க ஊர்ல மதியம் 45 தாண்டுது (பக்கத்துல ஸ்வைஹான்ல 2025 மே மாசமே 51.6 பதிவாச்சு), அந்த நேரத்துல வெறும் ஃபேன் போட்டா அது அனலைத்தான் வீசும். ஏசியும் வேண்டாம், ஏசிக்காக கூட்டை மூடினா அமோனியா உள்ளேயே நின்னுடும். தகரத்துல ரெண்டு நீளப் பக்கத்தை இன்னைக்கே கழட்டி கம்பி வலை அடிங்க, நரி பூனை நுழையாத மாதிரி சின்னக் கண்ணு வலையா. கூரைத் தகரத்துக்கு மேல ஒரு அடி இடைவெளி விட்டு பேரீச்ச மட்டையைப் பரப்புங்க, அந்த ஊர்க்காரங்க முன்னாடி கோடைக்கு மட்டையிலதான் அரீஷ் வீடு கட்டி இருந்தாங்க, காத்தையும் விடும் நிழலையும் கொடுக்கும். மேற்குப் பக்கம் கூட்டுல இருந்து ரெண்டு அடி தள்ளி நிழல் வலை கட்டுங்க. அதுக்கப்புறமும் மெஷின் வேணும்னா டெசர்ட் கூலர் (ஈரத் தட்டி வழியா காத்தை இழுத்துக் குளிர வெக்கிற மெஷின்) போதும், காத்து வறண்டிருக்கிற நாள்ல பத்து டிகிரி வரைக்கும்கூட எறங்கும், ஆனா காத்துல ஈரப்பதம் ஏறுற நாள்ல அதை நிறுத்திட்டு ஃபேன் மட்டும் ஓடட்டும்.

குடிக்கிற தண்ணில ரொம்பப் பேரு கோட்டை விடுறாங்க. மாடி டேங்க் தண்ணி அங்க மதியத்துல கொதிக்கும், அதைக் கோழி தொடாது, தண்ணி பக்கத்துலயே இருந்தும் செத்துப்போகும். ராத்திரியே புடிச்சு நிழல்ல மண்பானையில வெச்சு மதியம் மாத்தி மாத்தி ஊத்துங்க, ஐஸ் கட்டி போட்டாலும் நல்லது. 34 கோழிக்கு மூணு நாலு எடத்துல வைங்க, இல்லன்னா பலமான கோழி மத்ததை விடாது. தீவனத்தை விடியறதுக்கு முன்னாடியும் பொழுது சாஞ்சும் போடுங்க, செரிக்கிறப்பவும் உடம்பு சூடாகும், அதனால பத்து மணிக்கே தட்டை எடுத்துடுங்க. முட்டை ஓடு மெலிசா வருதுன்னா கால்சியத்தை மட்டும் குறை சொல்ல வேண்டாம், ரொம்ப மூச்சு வாங்குறப்ப ரத்தத்துல கரியமில வாயு கொறைஞ்சு ஓடு சரியா கட்டாது.

இன்னொண்ணு, கோழி ஏறி உக்கார பேரீச்ச மரத்துண்டு போட்டிருந்தா எடுத்துடுங்க. அந்தப் பட்டை இடுக்குலதான் கோழி உண்ணி பகல்ல ஒளிஞ்சிருந்து ராத்திரி வந்து ரத்தம் குடிக்கும், சாப்பாடு இல்லாமலே வருசக்கணக்கா உயிரோட இருக்கும். வழவழப்பான கம்பு போடுங்க, சுவர் இடுக்கை அடைச்சு சுண்ணாம்பு அடிங்க. ராத்திரி டார்ச் அடிச்சுப் பாத்தா தெரிஞ்சுடும்.

ஏதாவது கோழி றெக்கையை விரிச்சு கண்ணு சொருகி உக்காந்துட்டா, நிழலுக்குத் தூக்கிட்டுப் போய் சாதாரண தண்ணில கழுத்து வரைக்கும் முக்குங்க, ஐஸ் தண்ணி வேண்டாம், தலை தண்ணிக்கு மேல இருக்கட்டும்.

இந்த வேலை எல்லாத்தையும் விடியக்காலைல முடிச்சுடுங்க தம்பி. ஜூன் 15ல இருந்து செப்டம்பர் 15 வரைக்கும் பகல் 12:30ல இருந்து 3 மணி வரை வெயில்ல வேலை வாங்கக்கூடாதுன்னு அங்க சட்டமே இருக்கு. தண்ணி மாத்துறதுக்குக் கூட தலையில துண்டு இல்லாம போகாதீங்க.