நன்றாக மேயும் அல்பாக்கா ஏன் மெலிகிறது?

கேள்வி: ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தில் நாலு அல்பாக்கா (ரோமத்துக்காக வளர்க்கும் ஒட்டகக் குடும்ப விலங்கு) வளர்க்கிறோம். அதில் ஒன்று நன்றாகத்தான் மேய்கிறது, ஆனாலும் இளைத்துக்கொண்டே போகிறது. கழிச்சல் இல்லை. பக்கத்தில் பால்மாட்டுப் பண்ணை இருப்பதால் ஜோனிஸ் என்ற குடல் தொற்றுநோயாக இருக்கும் என்கிறார்கள். கழிச்சலே இல்லாமல் அது வருமா? ரத்தம் எடுத்துப் பார்த்தால் போதுமா?

பதில்: வரும். மாட்டில்தான் தண்ணியாகப் பீச்சும் கழிச்சல் பெரிய அடையாளம். அல்பாக்காவிலும் அதன் சொந்தமான லாமாவிலும் கழிச்சல் கடைசிக் கட்டத்தில் வரலாம், வராமலே செத்தும் போகலாம். இந்த நோயில் காசநோய்க் கிருமியின் பங்காளி ஒன்று குடல் சுவரில் குடியேறி அதைத் தடிக்க வைத்துவிடுவதால் தின்றது உடம்பில் ஒட்டாது. ரோமம் அடர்த்தியாக இருப்பதால் கண்ணுக்கு மெலிவு தெரியாது. இடுப்புக்கு மேலே முதுகெலும்பைக் கையால் அழுத்திப் பாருங்கள், கூராகக் குத்தினால் உடம்பு நிஜமாகவே கரைந்திருக்கிறது.

பக்கத்துப் பண்ணையைச் சொல்கிறவர்கள் சும்மா சொல்லவில்லை. 1990களில் உங்கள் மாநிலத்திலேயே அல்பாக்காக்களில் மாட்டு வகைக் கிருமியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதற்காக உடனே முடிவு கட்ட வேண்டாம், குடற்புழுவும் பல் கோளாறும்கூட இப்படித்தான் இளைக்க வைக்கும், அதையும் மருத்துவரிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பாதீர்கள். மாட்டுக்கென்று வந்த அந்தச் சோதனை அல்பாக்காவில் நோயே இல்லாததையும் நோயாளி என்று காட்டிவிடும், அதை வைத்து நல்ல விலங்கைக் கொல்வது அநியாயம். சாணத்தைப் பிசிஆர் சோதனைக்கு (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) அனுப்புங்கள். கிருமி எல்லா நாளும் சாணத்தில் வெளியேறாது என்பதால் ஒருமுறை இல்லை என்று வந்ததும் நிம்மதியாகிவிடாமல் கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி அனுப்புங்கள். கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையும் உண்டு, முடிவு வர வாரக்கணக்கு, சில சமயம் மாதக்கணக்கு ஆகும்.

நோய் உறுதியானால் குணப்படுத்த மருந்து கிடையாது, ஆன்டிபயாடிக்கில் காசைக் கரைக்காதீர்கள். மிச்சம் மூன்றையும் காப்பாற்றுவதுதான் வேலை. அல்பாக்காக்கள் எல்லாம் ஒரே இடத்தில் சாணம் போடும், அது நமக்கு வசதி: தினமும் வாரிவிடுங்கள், குட்டி இருந்தால் அந்தப் பக்கமே விடாதீர்கள், ஏனென்றால் குட்டிப் பருவத்தில்தான் எளிதில் தொற்றும், பால் வழியாகவும் போகும். அப்புறம், மாட்டுப் பண்ணையிலிருந்து மழைத்தண்ணீர் உங்கள் மேய்ச்சலுக்குள் ஓடி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் முதலில் அதைத் திருப்பிவிடுங்கள், கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.